நடக்கட்டும் என்று சொல்கிறவள்

மேலச்செங்குளத்தில் சினிமாக் கைகள் பாதியில் நிற்கத் தொடங்கியது ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, ஜைனம்பு வீட்டு டிவியில், அதுவும் பிரம்மசக்தி கண்ணாக இருந்த முறையில். கண்ணாக இருப்பதென்றால் என்னவென்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பீடி சுற்றுகிறவளுக்கு மடியில் சுளவு என்கிற முறம், சுளவில் இலையும் தூளும், விரலில் நூல். இதிலிருந்து பார்வையை எடுத்தால் பீடி கோணிப்போகும், கோணிய பீடியைக் கடையில் கழித்துக் கீழே போடுவார்கள். ஆனால் படம் பார்க்காமல் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை பீடி சுற்றுவதும் மனுஷியால் ஆகிற காரியமில்லை. அதனால் நாளுக்கு ஒருத்தி கண். அவள் மட்டும் டிவியைப் பார்த்துக் கதை சொல்வாள், மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் காதாலேயே படம் பார்ப்பார்கள், அவள் சுற்ற வேண்டிய பீடியையும் சேர்த்துச் சுற்றிக் கொடுப்பார்கள்.

அப்படிப் பன்னிரண்டு வருஷமாக பிரம்மசக்தி, தங்கக்கனி, ஜைனம்பு ஆகிய மூன்று சிநேகிதிகளும் அந்த நடுக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்காத படம் கிடையாது. மூக்கைச் சிந்தவைக்கிற கருப்பு வெள்ளைக் குடும்பப் படம், வாள் சத்தம் ஓயாத ராஜா படம், நாக்கைத் துருத்திக்கொண்டு வருகிற அம்மன் படம், துப்பறிகிற படம், காலேஜ் காதல் படம், தமிழ் பேசிக்கொண்டே ஓட்டின் மேல் தாவுகிற சீனாக்காரர்கள் படம், வேறு கிரகத்திலிருந்து பச்சை மனுஷர்கள் இறங்குகிற படம் என்று எல்லாம் பார்த்தார்கள், பார்த்ததையெல்லாம் அலசித் துவைத்துக் காயப்போட்டார்கள். ஜைனம்பு பொல்லாதவள். "இடைவேளைக்கு முந்தி ஒருத்தன் எழுதிருக்கான், பிந்தி அவன் மச்சான் எழுதிருக்கான்" என்று ஒரே வாக்கியத்தில் ஒரு படத்தைக் குழிதோண்டிப் புதைத்துவிடுவாள். தங்கக்கனிக்குப் பேய்ப் படம்தான் உயிர். ஏனென்று கேட்டால், "பேய்க்குத்தாம்ளா கடைசில நியாயம் கிடைக்கு" என்பாள். பிரம்மசக்திக்கு எல்லாப் படமும் பிடிக்கும், முடிவு மட்டும் தெரிந்தாக வேண்டும், முடிவு தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

மூவரில் பிரம்மசக்தி சொன்னால்தான் படம் படமாக இருக்கும். மழை பெய்தால் கேட்பவர்கள் தோளைக் குறுக்குவார்கள், குதிரை ஓடினால் சுளவை இறுக்கிப் பிடிப்பார்கள். ஆனால் அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. கதாநாயகன் கதாநாயகியைக் கன்னத்தில் அறைகிற இடம் வந்தால், "இந்த எடத்துல லேசா ஒரு மனஸ்தாபம், ஒடனே பாட்டு" என்று குரலை உயர்த்தி, அறைகிற சத்தத்தை அமுக்கி, தாண்டிப் போய்விடுவாள். ஏனென்றால் எதிரே தங்கக்கனி உட்கார்ந்திருப்பாள். தங்கக்கனியின் கன்னத்தில் வாரத்துக்கு ஒரு தடவையாவது அவள் புருஷன் மாடக்கண்ணுவின் நாலு விரல் பதிந்திருக்கும். அந்த மாதிரி நாளில் பிரம்மசக்தி மஞ்சள் அரைத்துச் சூடாகப் பத்துப் போட்டுவிடுவாள், ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். நோகிற இடத்தைத் தொடக்கூடாது என்று அவள் நினைத்தாள். அதைத் தன் நல்ல குணம் என்றே பன்னிரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஓடியது ஒரு காலேஜ் படம். கொட்டுகிற மழையில் கதாநாயகி எதிர்த்து ஏதோ பேச, கதாநாயகன் கையை ஓங்கினான், ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. மழை பெய்துகொண்டுதான் இருந்தது, பின்னாலே மரம் ஆடிக்கொண்டுதான் இருந்தது, கை மட்டும் இறங்கவில்லை. கதாநாயகி நனைந்த முகத்தை மெதுவாகத் திருப்பினாள். அவனை விட்டுவிட்டு, ஜைனம்பு வீட்டு நடுக்கூடத்தையும் அங்கே உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் காத்திருந்தாள்.

"என்னளா, கதை நின்னுட்டு?" என்று கேட்டுத் தங்கக்கனி தலையை நிமிர்த்தினாள். நிமிர்த்தியவள் கையைப் பார்த்தாள், கைக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தாள்.

பிரம்மசக்திக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. எப்படியாவது இந்த இடம் தாண்டினால் போதும் என்று, பந்தியில் பரிமாறுகிறவனை அவசரப்படுத்துகிற மாதிரி, "ம், நடக்கட்டும், நடக்கட்டும்" என்று டிவியைப் பார்த்துச் சொன்னாள். உடனே கை இறங்கியது. பளீரென்ற சத்தம் அந்த வீட்டுத் தகரக் கூரையில் கேட்டது. அப்புறம் பாட்டு வந்தது.

"இந்த மாதிரி எத்தன படத்துல தாண்டிப் போன?" என்றாள் தங்கக்கனி.

"அது... எல்லாத்துலயும் இல்ல கனி."

"எத்தனைல?"

"நெறயத்துல" என்றாள் பிரம்மசக்தி. தங்கக்கனி மறுபடி குனிந்து சுற்ற ஆரம்பித்தாள், அன்று முழுக்க அவள் சுற்றிய பீடி எல்லாம் கோணல்.

இரண்டு நாளில் ஊர் முழுக்க அதுதான் கதையாகிவிட்டது. எந்தப் படமானாலும், பழசானாலும் புதுசானாலும், பொம்பளை மேல் கை ஓங்கினால் கை நிற்கும், அவள் திரும்பிப் பார்ப்பாள், பார்த்துக்கொண்டிருக்கிற உயிருள்ள தொண்டை ஒன்று நடக்கட்டும் என்று சொன்னால்தான் படம் நகரும். முதல் வாரம் பயந்தார்கள். கேபிள்காரன் வயரையெல்லாம் மாற்றிப் பார்த்தான். கோவில் பூசாரி பூசணிக்காய் உடைக்கச் சொன்னார், நாற்பது பூசணி உடைத்தார்கள், தெருவெல்லாம் வழுக்கியதுதான் மிச்சம். மேலே மனு போட்டார்கள், இது எங்கள் துறை சம்பந்தப்பட்டதல்ல என்று பதில் வந்தது. போனில் நடக்கட்டும் என்று பதிவு பண்ணி வைத்து ஓட்டிப் பார்த்தான் ஒருத்தன், அந்தப் பதிவுக் குரலை அவள் சட்டை பண்ணவில்லை. இரண்டாம் வாரம் பழகிப்போயிற்று. பழகுவதற்கென்றே பிறந்த ஊர் அது, எதைக் கொண்டுவந்து கொட்டினாலும் பழகிக்கொள்ளும், வெட்கமில்லாத ஊர். சோறு போட்டுக்கொண்டே அம்மாக்காரி அடுப்படியிலிருந்து நடக்கட்டும் என்று குரல் கொடுத்தாள். கல்யாண வீட்டில் படம் போட்டால் மாமன்காரன் வெற்றிலையை மென்றபடி நடக்கட்டும் என்றான். ஏழு வயசுப் பிள்ளைகள் தெருவில் கை ஓங்கி நின்று நடக்கட்டும் விளையாட்டு விளையாடின. அந்தப் பெண் ஏன் நம்மைப் பார்க்கிறாள் என்று கேட்க ஊரில் ஒரு நாதி இல்லை.

கேட்டது ஜைனம்பு ஒருத்தி. மூன்றாம் வாரம் அவள் கண்ணாக இருந்த முறையில், ஒரு பழைய குடும்பப் படத்தில் கை நின்றதும், திரும்பிப் பார்த்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "வேண்டாம்" என்றாள்.

கை மெதுவாகக் கீழே இறங்கித் தொடையோரம் தொங்கியது. கதாநாயகி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, படத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே நடந்து போனாள். போனவள் திரும்பி வரவில்லை. மிச்சமிருந்த ஒன்றரை மணி நேரமும் கதாநாயகன் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி அந்தப் படத்து வீட்டுக் கூடத்திலேயே நின்றான். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வில்லன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஆளில்லை என்று போய்விட்டான்.

"பாத்தியாளா!" என்றாள் ஜைனம்பு. அவளுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. "அந்த ஒத்த அடிய உருவிட்டா மிச்சக் கதையே இல்ல. அவ திருந்துனது, அவன் மேல ஆசப்பட்டது, கால்ல விழுந்தது, புள்ள பெத்தது அம்புட்டும் அந்த அடி மேலதான் நின்னுருக்கு. இதையா நாம உக்காந்து கத நல்லாருக்கு, பாட்டு நல்லாருக்குன்னு பேசிட்டுக் கெடந்தோம்?"

அதற்கப்புறம் அவளும் தங்கக்கனியும் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்க்கத் தொடங்கினார்கள், எந்தப் படம் வேண்டாம் என்று சொன்ன பிறகும் தானாக நடக்கிறது என்று. ராஜா படங்கள் நின்றன. காதல் படங்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. சிரிப்புப் படம் என்று ஊரே கொண்டாடிய ஒன்று, தொடங்கிப் பத்தாவது நிமிஷத்தில் நின்றது. விருது வாங்கிய படம் ஒன்று, வசனமே இல்லாமல் வயல்வெளியைக் காட்டுகிறது, அதுவும் நின்றது. அம்மன் படத்தில் அம்மனே வரவில்லை, அடிபட்டவள் அழுதால்தானே அவளுக்கு வர வேலை. பேய்ப் படத்தில் மட்டும், வேண்டாம் என்றதும் பேயாகப் போக வேண்டியவள் சாகவேயில்லை, தையல் மிஷின் வாங்கிப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள், தங்கக்கனி அதை இரண்டு மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தாள். நூற்றுப் பதினாறு படத்தில் தானாக நடந்தது ஐந்தே ஐந்து.

பிரம்மசக்திக்கு இந்தக் கணக்கெடுப்பு பிடிக்கவில்லை. எல்லாப் படமும் முடிவில்லாமல் பாதியில் நின்றால் அவள் எதைத்தான் பார்ப்பாள்? அந்த நேரம் பார்த்துத்தான் தங்கப்பழம் அண்ணாச்சி ஆள் விட்டார். அவருடைய தியேட்டரில் கை நின்றால் ஆளுக்கு ஆள் நீ சொல்லு நீ சொல்லு என்று முழித்தார்கள், சில காலேஜ் பிள்ளைகள் வேண்டாம் என்று கத்திப் படத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். அதனால் முன் வரிசையில் நிரந்தரமாக ஒருத்தர் வேண்டும், கை நின்ற மறு நொடி கணீரென்று நடக்கட்டும் சொல்ல வேண்டும். "ஒன் தொண்டை மாதிரி ஊர்ல யாருக்கு வாய்க்கும்மா?" என்றார் அண்ணாச்சி. மெத்தை வைத்த நாற்காலி, இடைவேளைக்கு முறுக்கும் டீயும், வருகிற படத்தையெல்லாம் முதல் நாளே பார்த்துவிடலாம். பிரம்மசக்தி பகல் காட்சிக்குப் போக ஒப்புக்கொண்டாள்.

அதைச் சொன்ன அன்று ஜைனம்பு சுளவைத் தரையில் வைத்துவிட்டாள்.

"ஒனக்குச் சூடு சொரணை இருக்காளா? அவ திரும்பி ஒன் மூஞ்சியப் பாக்கா. ஒன்னயத்தான் பாக்கா. நீ முறுக்கக் கடிச்சுகிட்டு நடக்கட்டும்பியோ?"

"சினிமாதானளா ஜைனம்பு. நடிக்கதுக்குத்தான வாராளுவ. அவளுக்கு வலிக்கவா போகுது?"

"அப்ப ஏன் இத்தன வருசமா அந்த எடத்த மட்டும் முழுங்கிட்டே?"

பிரம்மசக்தி தங்கக்கனியைப் பார்த்தாள். தங்கக்கனி தலையைத் தூக்காமல் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். "போட்டும் ஜைனம்பு. அவளுக்கு முடிவு தெரிஞ்சாவணும்" என்றாள். திட்டியிருந்தால்கூட பிரம்மசக்திக்கு அவ்வளவு எரிந்திருக்காது. எரிச்சலோடு எழுந்து போனாள், போன எரிச்சலில் அந்த மாதம் முழுக்கத் தியேட்டரில் தொண்டை கிழியச் சொன்னாள். நெய்யில் பொரித்த மாதிரி மணமணக்கிற புதுப் படங்களுக்கும் சொன்னாள், கோடு விழுந்த பழைய படங்களுக்கும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் ஒருத்தி திரும்பி அவளைப் பார்த்தாள். பத்தாவது நாளிலிருந்து பிரம்மசக்தி கண்ணை மூடிக்கொண்டு சொல்லப் பழகினாள்.

இந்த மாடக்கண்ணு யாரென்று முழுசாகச் சொல்லவில்லை. தங்கக்கனியின் புருஷன் என்பது ஒரு பக்கம், அதைவிட அவனுக்குப் பெருமை, அவன் ஊர் ரசிகர் மன்றத்துக்குத் தலைவன். அவன் நட்சத்திரத்தின் படம் வெளிவந்தால் கட்டவுட்டுக்குப் பாலூற்றுவது அவன்தான், வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் கடுங்காப்பி குடிக்கும். புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த நட்சத்திரத்தின் படத்தை டிவியில் போட்டார்கள். மன்றத்து ஆட்கள் பதினைந்து பேர் அவன் வீட்டில் கூடியிருந்தார்கள். கை ஓங்கியது, நின்றது, அவள் திரும்பினாள். பதினைந்து பேரும் வாயைத் திறப்பதற்குள் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற தங்கக்கனி, "வேண்டாம்" என்றாள்.

பதினைந்து ரசிகர்களுக்கு முன்னால் அவர்கள் தலைவன் என்று கும்பிடுகிற அந்த நடிகன் ஒன்றே முக்கால் மணி நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றான். சேனலை மாற்றிவிட்டு வந்தாலும் நின்றான். ஒவ்வொருத்தனாக எழுந்து போய்விட்டான். மாடக்கண்ணு அன்று ராத்திரி ஒன்றும் செய்யவில்லை, நாலு பேர் அறிய நடந்த அவமானத்தை நாலு பேர் அறியத்தான் தீர்க்க வேண்டும் என்று வைத்திருந்தான்.

திங்கட்கிழமை காலை பீடிக் கடையில் சுற்றிய பீடிக் கட்டுகளைக் கொடுக்கிற நேரம். நாற்பது பொம்பளைகள் சுளவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வரிசையில் தங்கக்கனி முன்னால், நாலு பேர் தள்ளி பிரம்மசக்தி, அதற்கும் பின்னால் ஜைனம்பு. மாடக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக உள்ளே வந்தான்.

"எந்தலைவன நிக்க வச்சிட்டேல்லா? ஊரே சிரிக்கு. சிறுக்கி, இன்னைக்கு நீ நில்லு" என்று கையை ஓங்கினான்.

ஓங்கிய கை நின்றது.

கடைக்கு வெளியே ஆட்டோ போய்க்கொண்டிருந்தது, சுவரில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, தூள் மணம் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. மாடக்கண்ணு மட்டும் பல்லைக் கடித்தபடி, கையைத் தூக்கியபடி, அப்படியே நின்றான். தங்கக்கனி முகத்தை மெதுவாகத் திருப்பினாள். வரிசையை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பார்க்கப்பட்டவள் எல்லாம் சுளவைக் குனிந்து பார்த்தாள். பார்வை பிரம்மசக்தியிடம் வந்து நின்றது, அங்கேயே காத்திருந்தது.

ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. இரண்டு மாதமாகப் பார்க்கிற காட்சிதானே. கடைக் கணக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "யாராவது சொல்லித் தொலைங்கம்மா, வேலையப் பாக்க வேண்டாமா?" என்றார். வரிசையில் ஒரு கிழவி, "ஏட்டி பிரம்மு, ஒன் வேலதானட்டி இது" என்றாள். இன்னொருத்தி, "ஏதாச்சும் ஏடாகூடமா சொல்லிப்புடாத. ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்கு. படத்துல பாக்கலியா, அந்த வார்த்தையச் சொன்னா மிச்சக் கத இல்லாமப் போயிரும். ஒரு அடிதானட்டி, பட்டுட்டுப் போறா" என்றாள். ஆமாம் ஆமாம் என்று வரிசை முனகியது. ஜைனம்புவின் வாய் திறந்தது, பிரம்மசக்தி திரும்பாமலே கையை நீட்டி அவளைத் தடுத்தாள். பார்க்கப்பட்டவள் அவள்தான்.

அவளுடைய தொண்டை ஒரு மாதமாகப் பழகிய தொண்டை. கை நின்ற மறு நொடி அந்த வார்த்தை தானாக எழும்பி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைப் பல்லால் பிடித்து நிறுத்தினாள். கண்ணை மூடப் பார்த்தாள், மூட முடியவில்லை. தியேட்டரில் திரும்பிப் பார்த்த முகங்கள் எல்லாம் பவுடர் போட்ட முகங்கள், பெயர் தெரியாத முகங்கள். இந்தக் கன்னத்தை அவளுக்குத் தெரியும். எந்த விரல் எங்கே பதியும், எத்தனை நாளில் நீலம் மஞ்சளாகும் என்று தெரியும், பத்துப் போட்டுப் போட்டு அந்த எலும்பின் மேடு பள்ளம்கூடத் தெரியும். மஞ்சளும் பத்தும் ஒரு அன்பா என்று அவளுக்குத் திடீரென்று அத்தனை ஆத்திரம் வந்தது. மாடக்கண்ணு மேல் வந்தது, கடிகாரத்தைப் பார்க்கிற கணக்கர் மேல் வந்தது, சுளவைக் குனிந்து பார்க்கிற முப்பத்தேழு பேர் மேலும் வந்தது, எல்லாருக்கும் மேலாகத் தன் மேலேயே வந்தது. பிள்ளைகள் கதி என்ன, இவள் எங்கே போவாள், அடுத்து என்ன என்று ஒரு முடிவும் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக முடிவு தெரியாமல் வாயைத் திறந்தாள்.

"வேண்டாம்" என்றாள். கடை ஓட்டில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன.

கை மெதுவாக இறங்கியது. மாடக்கண்ணு உள்ளங்கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே நின்றான். தங்கக்கனி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சுளவை எடுத்து இடுப்பில் வைத்து, வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கி நடந்தாள். வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நூற்றுச் சொச்சம் படம் பார்த்த ஊர் அது. அப்படிப் போன எந்தக் கதாநாயகியும் திரும்பி வந்ததில்லை.

தங்கக்கனி வந்தாள். தெருவில் பத்தடி போனவள் நின்று, திரும்பி, மறுபடியும் வாசற்படி ஏறி, புருஷனை ஒரு தூணைச் சுற்றிப் போகிற மாதிரி சுற்றிக்கொண்டு, நேராக பிரம்மசக்தியின் முன்னால் வந்து நின்றாள். தங்கக்கனி நன்றி சொல்வாள் என்று பிரம்மசக்தி நினைத்தாளோ, கட்டிப் பிடித்து அழுவாள் என்று நினைத்தாளோ தெரியாது, இரண்டு கையையும் பாதி நீட்டிவிட்டாள்.

தங்கக்கனி அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"ஒத்த வார்த்தை" என்றாள். "இதச் சொல்ல ஒனக்குப் பன்னெண்டு வருசமாளா?"